லேபர் ரூமுக்குள் யார் வரட்டும்: கணவரா, அம்மாவா, டூலாவா?

வளைகாப்பு முடிந்த கையோடு கோலாலம்பூர்ப் பக்கத்து வீடுகளில் இப்போது ஒரு கேள்வி எழுகிறது: "டூலா வைத்துக்கொள்ளலாமா?" பிரசவத்தின்போது கூட இருக்கக் காசு கொடுத்து அமர்த்தும் துணைப்பெண்தான் டூலா. முன்பு இதற்கு இடமே இல்லை. தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு, அம்மா பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். இன்று அம்மா வடக்கே சுங்கை சிப்புட்டிலோ பட்டர்வொர்த்திலோ இருக்கிறார். மகள் கோலாலம்பூரை ஒட்டிய பூச்சோங்கில் பத்தாவது மாடியில் இருக்கிறாள். பிரசவத்துக்குப் பெயர் பதிந்திருப்பதும் இங்கேதான். நள்ளிரவில் வலி எடுத்தால் அம்மா வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டூலா பணத்துக்குத் தகுந்தவரா என்பது இரண்டாவது கேள்வி. நீங்கள் போகப்போகும் மருத்துவமனை லேபர் ரூமுக்குள் எத்தனை பேரை விடும் என்பதே முதல் கேள்வி. அதைக் கேட்காமல் முன்பணம் கட்டினால், கார் பார்க்கில் உட்கார்ந்திருக்கும் டூலாவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிவரும்.

டூலா யார் என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. அவர் பிரசவம் பார்ப்பவர் இல்லை. வலியின்போது தாயின் கூடவே இருந்து இடுப்பை அழுத்திவிட்டு, மூச்சை நிதானமாக விடச் சொல்லி, படுப்பதையும் நடப்பதையும் மாற்றி மாற்றிச் செய்யவைத்து, பயத்தைக் குறைப்பவர். ரத்த அழுத்தம் பார்ப்பது, குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பது, கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சோதிப்பது, மருந்து கொடுப்பது எதுவும் அவர் வேலை இல்லை. பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி வேறு. மலேசியாவில் அவர் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். டூலாவுக்கு அப்படிப்பட்ட பதிவு கிடையாது. குறுகிய காலப் பயிற்சி முடித்து ஏதாவது ஒரு தனியார் அமைப்பிடம் சான்றிதழ் வாங்கியிருப்பார். குழந்தை பிறந்தபின் வீட்டுக்கு வந்து பத்தியம் சமைத்து, உடம்பு பிடித்துவிட்டு, குழந்தையைக் குளிப்பாட்டும் கன்ஃபைன்மென்ட் லேடி மூன்றாவது ஆள்.

அரசு மருத்துவமனை என்றால்

துங்கு அசிசா, செலாயாங், அம்பாங், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா என்று எங்கே போனாலும், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) கொடுத்த பிங்க் நிறக் கர்ப்பகாலப் புத்தகம்தான் உங்கள் கையில் இருக்கும். அதில் ஒட்டியிருக்கும் நிறத்தை முதலில் பாருங்கள். வெள்ளை என்றால் மிஸ்ஸிகளே (தாதியரே) கவனித்துக்கொள்ளும் நிலை. பச்சை என்றால் கிளினிக் டாக்டர், மஞ்சள் என்றால் நிபுணர், சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. மஞ்சளும் சிவப்பும் இருப்பவர்கள் டூலாவைப் பற்றி யோசிப்பதற்குமுன் மருத்துவர் என்ன திட்டம் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வது நல்லது. எப்போது அட்மிட் ஆவது, வலியை மருந்து கொடுத்து வரவைப்பார்களா என்பதெல்லாம் அங்கே முடிவாகும்.

அரசு மருத்துவமனைகளில் லேபர் ரூமுக்குள் பெரும்பாலும் ஒருவருக்குத்தான் இடம். பொதுவாக அவர் கணவர். அதனால் டூலாவை உள்ளே அனுப்பினால் கணவர் வெளியே நிற்பார், அல்லது கணவர் உள்ளே போனால் டூலா வெளியே. டூலாவை உறவினர் என்று சொல்லி உள்ளே நுழைக்கும் வேலை வேண்டாம். பொய் தெரிந்தால் மிஸ்ஸிகளோடு முகம் சுளித்துக்கொண்டுதான் பிள்ளை பெற வேண்டியிருக்கும். எட்டாவது மாதத்துக்குள் ஒரு கிளினிக் நாளில் நேராகக் கேட்டுவிடுங்கள்: "சியாப்பா போலே மாசோக்?" (மலாயில், "யார் உள்ளே வரலாம்?") யார் உள்ளே வரலாம், எந்தக் கட்டத்தில் வரலாம், மாற்றி மாற்றி வரலாமா என்று மூன்றையும் கேளுங்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை விதி மாறும். 2020இல் கோவிட் தொற்று வந்தபோது கணவரையே விடாத இடங்கள் இருந்தன.

இதைவிட முக்கியமான, யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆரம்ப வலியோடு போனால் நேரே லேபர் ரூமுக்கு அனுப்ப மாட்டார்கள். முதலில் வார்டில் படுக்க வைப்பார்கள். அங்கே பார்வையாளர் நேரம் முடிந்தால் கணவரும் கிடையாது, டூலாவும் கிடையாது. ஒரு பெண் மிகத் தனியாக இருக்கும் நேரம் அதுதான். காலை 7, மதியம் 2, இரவு 9 என்று மிஸ்ஸிகளுக்கு ஷிப்ட் மாறும். நீண்ட பிரசவம் என்றால் மூன்று முகங்களைப் பார்க்க வேண்டிவரும். அவர்கள் மோசமானவர்கள் என்று சொல்லவில்லை. ஒருவர் பல படுக்கைகளைக் கவனிக்கிறார், உங்கள் பக்கத்திலேயே உட்கார அவருக்கு நேரமில்லை.

ஆக, அரசு மருத்துவமனைக்குப் போகிறவருக்கு டூலாவால் கிடைக்கும் பலன் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வெளியில்தான் இருக்கிறது: கர்ப்ப காலச் சந்திப்புகளில், அப்புறம் வீட்டிலேயே வலியோடு இருக்கும் ஆரம்ப மணி நேரங்களில். பிரசவம் வேகமெடுக்கும் கட்டம் கருப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்ததும் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரை சொல்கிறது. அதற்கு முந்தைய கட்டம் தலைப்பிரசவத்தில் மணிக்கணக்கில் இழுக்கும். சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பம் என்றால் அந்த நேரத்தை வீட்டில் கழிப்பது வார்டில் தனியாகக் கழிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, கண் மங்கித் தலை கடுமையாக வலித்தாலோ வீட்டில் ஒரு நிமிடமும் உட்காரக்கூடாது. யார் என்ன சொன்னாலும் சரி, டூலாவே "இன்னும் நேரமிருக்கிறது" என்றாலும் சரி, காரை எடுங்கள். மாலை ஆறு மணிக்கு ஃபெடரல் ஹைவே நெரிசல் எப்படி இருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆரம்ப மணி நேரத்தை என் அண்ணிக்கு செந்தூல் வீட்டில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சோபாவின் மேல் கையை ஊன்றி முன்பக்கம் சாய்ந்து நின்றிருந்தார். ஒவ்வொரு வலி வரும்போதும் டூலா பின்னால் நின்று இரண்டு இடுப்பெலும்பின் மேலும் உள்ளங்கையை வைத்து உள்நோக்கி அழுத்தினார். நாலைந்து வலிக்குப்பின் என் அண்ணனின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். அண்ணன் பயந்து பயந்து லேசாக அழுத்த, "லாகி குவாட், லாகி குவாட்" என்றார் அந்த மலாய்க்கார அம்மா. இன்னும் அழுத்து என்று அண்ணியும் தமிழில் கத்தினார். அதன்பின் டூலா ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்து வலிக்கு வலி இடைவெளியைக் குறித்துக்கொண்டார், அண்ணன்தான் அழுத்தினார். மருத்துவமனைக்குள் போனதும் அண்ணன் மட்டும். அந்தக் கை பழகியிருந்தது.

தனியார் என்றால்

கணக்கு மாறும். சாதாரணப் பிரசவத்துக்கே பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்), அறுவை என்றால் பல இடங்களில் பத்தாயிரத்தைத் தாண்டும். மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்பீடு) பெரும்பாலும் சாதாரணப் பிரசவத்துக்குப் பணம் கட்டாது. அரசு மருத்துவமனையின் மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு ஒரு நாளுக்கு 3 வெள்ளி என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உண்டு: செலாயாங், புத்ராஜெயா போன்ற அரசு மருத்துவமனைகளில் முழுக் கட்டணம் கட்டி, நிபுணரைத் தேர்ந்தெடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தனியாரில் கணவரோடு டூலாவும் வரலாம் என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் மருத்துவமனை முகப்பில் கேட்டு வரும் பதில் போதாது. உங்கள் கைனி டாக்டரிடமே (மகப்பேறு மருத்துவரிடமே) கேளுங்கள். கேட்கும்போது அவர் முகத்தைப் பாருங்கள். சிலர் "தாராளமாக" என்பார்கள், சிலர் "எதற்கு?" என்பார்கள். முகம் சுளிக்கும் டாக்டரும் டூலாவும் ஒரே அறையில் இருந்தால் இழுபறியில் மாட்டுவது படுக்கையில் இருப்பவள்தான். இன்னொன்று: தனியாரில் நீங்கள் பணம் கட்டுவது அந்த டாக்டருக்காக என்றாலும், அவர் முழு நேரமும் அறையில் இருக்க மாட்டார். அவ்வப்போது வந்து பார்ப்பார், கடைசியில் வந்து நிற்பார். நடுவில் உள்ள நீண்ட நேரத்தை நிரப்ப ஆள் தேவைப்படுவது இங்கேயும்தான்.

கூட ஆள் இருந்தால் என்ன மாறும்?

1980இல் வெளியான ஓர் ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்ற குழந்தை மருத்துவர்கள் இருவரும் சேர்ந்திருந்த குழு, குவாத்தமாலாவில் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் சிலருக்கு மட்டும் கூடவே இருக்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தது. சிக்கலில்லாத பிரசவங்களை ஒப்பிட்டபோது, துணை இல்லாதவர்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்து குழந்தை பிறக்கச் சராசரி 19.3 மணி நேரம் ஆனது. துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி. துணையாக இருந்தவர் அந்தத் தாய்க்கு முன்பின் தெரியாத, மருத்துவப் பயிற்சி இல்லாத சாதாரணப் பெண் என்பதைக் கவனியுங்கள்.

2017இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இடைவிடாமல் துணை இருந்தவர்களிடம் அறுவைப் பிரசவம் ஏறக்குறைய கால் பங்கு குறைவு. பிரசவ நேரமும் கொஞ்சம் குறைவு, குவாத்தமாலா அளவுக்கு இல்லை. மருத்துவமனை ஊழியராகவும் உறவினராகவும் இல்லாமல், துணைக்கென்றே வந்த அனுபவசாலி இருந்தபோது பலன் கூடுதலாகத் தெரிந்தது. குடும்பத்தவரோ தோழியோ இருந்தபோது, பிரசவம் நல்ல அனுபவமாக இருந்தது என்று சொன்ன பெண்கள் அதிகம். ஆய்வு நடந்த பல மருத்துவமனைகளில் மற்றப் பெண்களுக்குத் துணையே கிடையாது. உங்களுக்கு ஏற்கெனவே நல்ல துணை ஒருவர் உள்ளே வருவார் என்றால், அதே அளவு வித்தியாசத்தை டூலாவிடம் எதிர்பார்க்கக் கூடாது. டூலா வைத்தால் அறுவை வராது என்று எவராவது உறுதி சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மாவா, கணவரா?

அம்மாவை அழைப்பது நம் வழக்கம். தோட்டத்தில் டிரெஸ்ஸரும் (தோட்டத்து மருத்துவ உதவியாளர்) மருத்துவச்சியும் பார்க்க, லயத்துப் பெண்கள் சூழ்ந்து நிற்கப் பிள்ளை பெற்ற தலைமுறைக்கு, பெண்ணைத் தனியாக விடுவதே புரியாது. அந்த அக்கறைக்கு ஈடில்லை. ஆனால் பிரசவ அறையில் எல்லா அம்மாக்களும் உதவ மாட்டார்கள். மகள் வலியில் கத்துவதைப் பார்த்துத் தானும் அழும் அம்மா உண்டு. "நாங்களெல்லாம் சத்தமே போடாமல் பெத்தோம்" என்று சொல்லும் அம்மாவும் உண்டு. எபிடியூரல் (வலி மரத்துப்போக முதுகில் போடும் ஊசி) கேட்டால் முதுகுவலி வாழ்நாள் முழுக்க இருக்கும் என்று பயமுறுத்தும் மாமியாரும் உண்டு. உங்கள் அம்மா எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் வந்தபோது பதறினாரா, நிதானமாக இருந்தாரா என்று நினைத்துப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும்.

கணவரைப் பற்றி நம் வீடுகளில் ஒரு அவநம்பிக்கை இருக்கிறது, "ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்" என்று. விழுகிறவர்களும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலோர் நிலைகுலைவது என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தராததால். மிஸ்ஸியிடம் மலாயில் பேசவும், படிவம் நிரப்பவும், "ஒரு நிமிடம், அவள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்" என்று டாக்டரை நிறுத்தவும் கணவரால் முடியும். டூலாவுக்கு அந்த உரிமை இல்லை. தனியார் துறையில் வேலை செய்யும் கணவருக்கு 2023 ஜனவரி முதல் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பு உண்டு, அந்த நிறுவனத்தில் ஓராண்டு வேலை பார்த்திருந்தால். அதை முன்கூட்டியே மேலாளரிடம் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

மொழியையும் யோசிக்க வேண்டும். தமிழ் பேசும் டூலா கிள்ளான் பள்ளத்தாக்கில் (கோலாலம்பூரிலும் சுற்றுப்புறத்திலும்) எளிதில் கிடைப்பதில்லை. பெரும்பாலோர் ஆங்கிலமோ மலாயோ பேசுபவர்கள். சாதாரண நேரத்தில் இது பிரச்சினை இல்லை. வலியின் உச்சத்தில் வாயில் வருவது தமிழ்தான் என்றால், காதோரம் தமிழில் பேச ஒருவர் இருக்க வேண்டும்.

பணம் அளவாக இருந்தால்

டூலாவின் கட்டணம் ஆயிரம் வெள்ளிக்குமேல் போகும். இரண்டு மூன்று சந்திப்பு, பிரசவத்தின்போது துணை, பின்னர் ஒரு வீட்டு வருகை எல்லாம் அதில் அடங்கும். கன்ஃபைன்மென்ட் லேடி ஒரு மாதம் தங்கினால் அதைவிட அதிகமாகக் கேட்பார். இரண்டுக்கும் கையில் பணம் இல்லை, ஒன்றுதான் முடியும் என்றால் நான் பிள்ளை பிறந்தபின் வரும் ஆளுக்கே கொடுப்பேன். பிரசவம் ஒரு நாளில் முடியும். தூக்கமில்லாத இரவுகள், தையல் வலி, பால் கட்டுவது, மாலையில் காரணமில்லாமல் வரும் அழுகை எல்லாம் வாரக்கணக்கில் நீளும், அதுவும் கணவரின் 7 நாள் விடுப்பு முடிந்த பிறகு.

அம்மா ஒரு மாதம் வந்து தங்குவார் என்றால் அந்தச் செலவும் மிச்சம். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, கருவாட்டுப் பத்தியம் எதற்கும் வெளியாள் தேவையில்லை. அதோடு, கிளினிக் மிஸ்ஸி முதல் வாரங்களில் பல தடவை வீட்டுக்கே வந்து தாயின் தையலையும் குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்றும் பார்ப்பார். இலவசமாகக் கிடைக்கும் அருமையான சேவை அது. "வீட்டில் ஆள் இருக்கிறது, வரவேண்டாம்" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். கன்ஃபைன்மென்ட் லேடி குழந்தைக்கு மருந்து கரைத்துக் கொடுக்கப் பார்த்தால் முதலில் மிஸ்ஸியிடம் கேட்டுவிடுங்கள். இந்நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி (சிவப்பு ரத்த அணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருக்கிறதா என்று தொப்புள்கொடி ரத்தத்தில் சோதிக்கிறார்கள். அது இருக்கும் குழந்தைக்குச் சில பொருட்கள் ஆகாது, காமாலை கடுமையாகிவிடும்.

வீட்டிலேயே பிரசவம் என்ற பேச்சுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: டூலாவை நம்பி அதைச் செய்யாதீர்கள். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் அவரால் செய்ய முடிந்தது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது மட்டும்தான். சுகாதார அமைச்சும் இதைப் பலமுறை எச்சரித்திருக்கிறது.

யாருக்கு எது?

அரசு மருத்துவமனை, ஒருவருக்குத்தான் இடம், கணவர் நிதானமானவர் என்றால் டூலாவின் முழுச் சேவை வேண்டாம். சில டூலாக்கள் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரு பயிற்சி வகுப்பு மட்டும் எடுக்கிறார்கள், அது போதும். ஏற்கெனவே அறுவையில் பெற்று இந்த முறை சாதாரணமாகப் பெற முயற்சி செய்கிறவர், இருவரை விடும் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார் என்றால் டூலாவுக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. முதல் பிரசவத்தில் பயந்துபோனவருக்கும், கணவர் கடலிலோ வெளிநாட்டிலோ வேலையில் இருக்கும் பெண்ணுக்கும், தனியாகப் பிள்ளை பெறும் பெண்ணுக்கும் அப்படியே. கணவர் இல்லாத நிலையில் அந்த ஒரே இடத்தை டூலாவுக்குத் தருவார்களா என்று அரசு மருத்துவமனையிலும் கேட்டுப் பார்க்கலாம். நாள் குறித்த அறுவைப் பிரசவம் என்றால் டூலா தேவையில்லை, பின்னால் வரும் ஆளைத் தேடுங்கள். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தில் பெரிய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் சித்திதான் உங்கள் உண்மையான டூலா.

டூலாவைத் தேர்ந்தெடுக்கும்போது சான்றிதழைவிடப் பதில்களைக் கவனியுங்கள். "டாக்டர் அறுவை செய்ய வேண்டும் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "ஏன் வேண்டும், காத்திருக்க நேரம் இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உதவுவேன், அறுவை என்று முடிவானால் அதற்கும் துணை இருப்பேன்" என்பவர் சரியான ஆள். "ஒத்துக்கொள்ளவே கூடாது" என்பவர் வேண்டாம். நான் இருந்தால் ஸ்கேன் தேவையில்லை, ஊசி தேவையில்லை என்பவரும் வேண்டாம். அப்புறம் நடைமுறைக் கேள்விகள்: எந்த வாரத்திலிருந்து ராத்திரியிலும் போன் எடுப்பார்? உங்கள் வீட்டுக்கு வர அவருக்கு எவ்வளவு நேரமாகும்? ஒரே இரவில் இரண்டு பேருக்கு வலி எடுத்தால் யாரிடம் போவார், பதிலாக வருபவரை முன்பே நேரில் பார்க்க முடியுமா? மருத்துவமனை உள்ளே விடாவிட்டால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்? இவற்றுக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் முன்பணம் கட்டுங்கள்.